கடப்பாரையும் துணிப்பையும்: செங்கல்பட்டு இருளர் குடும்பங்களின் பாம்புபிடித் தொழில்

செங்கல்பட்டுச் சீமை ஏரிகளின் சீமை. பாலாற்றின் இரு பக்கத்திலும் ஊருக்கு ஊர் அமைந்த ஏரிகளும், அவற்றின் மதகு நீரில் விளையும் நெல்வயல்களும், வயலை அடுத்து எழும் பாறைக் குன்றுகளும், குன்றுச் சரிவுகளில் காரையும் களாவும் பின்னிக் கிடக்கும் முட்புதர்க் காடும் இங்கே ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு கிடக்கின்றன. நெல் விளையும் இடத்துக்கு எலி வரும். எலி வளை தோண்டிய இடத்துக்குப் பாம்பு வரும். எலியையும் பாம்பையும் தேடி, வரப்பு வரப்பாகவும் புதர் புதராகவும் நடந்தே தலைமுறைகளைக் கழித்த மக்கள் இருளர். நாட்டின் பல பகுதிகளில் பாம்புக்கடிபட்டு மருத்துவமனைக்குக் கொண்டுவரப்படுபவருக்கு ஏற்றப்படும் மருந்தின் மூலப்பொருள், கடந்த நாற்பது ஆண்டுகளாகப் பெரும்பாலும் இந்தச் சீமையின் இருளர் குடும்பங்கள் பிடித்துத் தந்த பாம்புகளிலிருந்தே கிடைத்து வந்திருக்கிறது. அந்த வகையில் இத்தொழிலின் வரலாறு ஒரு வட்டாரத்தின் வரலாறாக மட்டும் நின்றுவிடுவதில்லை.

இருளர் என்ற பெயரில் இரு வேறு நிலங்களில் வாழும் மக்கள் அறியப்படுகின்றனர். நீலகிரி, கோவை மலைச்சரிவுகளில் வாழ்வோர் தமக்கென ஒரு தனி மொழி உடையவர்கள். செங்கல்பட்டு, காஞ்சிபுரம், திருவள்ளூர், விழுப்புரம், திருவண்ணாமலை மாவட்டங்களின் சமவெளியில் வாழ்வோர் தமிழ் பேசுபவர்கள், சில ஊர்களில் வில்லியர் என்றும் அழைக்கப்படுபவர்கள். எட்கர் தர்ஸ்டன் 1909-இல் வெளியிட்ட தென்னிந்தியக் குலங்கள், குடிகள் பற்றிய ஏழு தொகுதி நூலிலும் இவ்விரு பிரிவினரும் வேறுபடுத்தியே பேசப்படுகின்றனர். 2011-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் இருளர் தொகை சுமார் 1.9 லட்சம். பழங்குடிகளுள்ளும் மிகவும் நலிந்த நிலையில் இருப்போருக்கென அரசு வகுத்துள்ள தனிப்பட்டியலில் இவர்கள் இடம்பெற்றுள்ளனர். சமவெளி இருளர் பலருக்குச் சொந்த நிலம் என்று ஒன்று இருந்ததில்லை. ஏரிக்கரையிலும் புறம்போக்கிலும், அதாவது எவர் பெயரிலும் பட்டா இல்லாத பொது நிலத்திலும், அவர்கள் குடிசைகள் நின்றன. தேனும் விறகும் மூலிகையும் கிழங்கும் தந்த காடோ, 1882-ஆம் ஆண்டுச் சென்னை வனச் சட்டத்துக்குப் பிறகு காப்புக் காடாகி, படிப்படியாக அவர்கள் கைக்கு எட்டாததாயிற்று.

இத்தொழிலைப் பற்றி எழுதியோர் பலரும் பாம்பு பிடிப்பவனைத் தனி ஆளாகவே காட்டியிருக்கின்றனர். கையில் நாகத்தைத் தூக்கிப் பிடித்து நிற்கும் ஓர் ஆணின் படம் எல்லார் மனத்திலும் பதிந்துவிட்டது. உண்மையில் காட்டுக்குப் போனது ஆள் அன்று, குடும்பம். கணவனும் மனைவியும் சேர்ந்து புறப்படுவதும், பால் குடிக்கும் குழந்தை தாயின் இடுப்பிலோ மரத்தில் கட்டிய தூளியிலோ இருப்பதும், ஏழெட்டு வயதுப் பிள்ளைகள் பின்னால் நடந்து வருவதும் இருளர் தொழில்முறையின் இயல்பு. தடம் பார்ப்பதில் பெண்களின் கண் ஆண்களின் கண்ணுக்குச் சற்றும் குறைந்ததன்று. வளை எந்தப் பக்கம் திரும்புகிறது, எங்கே தோண்ட வேண்டும் என்ற முடிவு இருவரும் பேசி எடுக்கும் முடிவாகவே இருந்தது. இந்தக் குடும்பக் கூட்டுழைப்பை விட்டுவிட்டால், இவ்வளவு நுட்பமான அறிவு எழுத்தே இல்லாமல் எவ்வாறு தலைமுறை கடந்தது என்பது விளங்காது.

கருவிகள் என்று பார்த்தால் மிகச் சில: ஒரு குட்டைக் கடப்பாரை, வாயில் சுருக்குக் கயிறு கோத்த துணிப்பை சில, மரத்தடியோ குச்சியோ ஒன்று. அறுவடை முடிந்த வயலில் ஒரு குடும்பம் கட்டு விரியனைத் தேடும் முறையை எடுத்துக்கொள்ளலாம். கட்டு விரியன் இரவில் உலவும் பாம்பு. பகலில் எலி வளைக்குள் சுருண்டு கிடக்கும். வரப்போரம் உள்ள வளைகளில் எதில் எலி குடியிருக்கிறது, எதில் குடியில்லை என்பது முதலில் பார்க்கப்படும். எலி இருக்கும் வளையின் வாயில் புது மண் தள்ளப்பட்டிருக்கும். பாம்பு புகுந்த வளையில் புது மண் இராது, வாய் ஓரம் மட்டும் வழவழப்பாகத் தேய்ந்திருக்கும். பிறகு அந்த வாயருகே குனிந்து, உதிர்ந்த செதில் ஒன்றோ, சட்டையின் கிழிசலோ, வெண்மை கலந்த எச்சமோ தென்படுகிறதா என்று தேடுவர். சட்டை என்பது பாம்பு உரித்துப் போடும் மேல்தோல். எச்சத்தின் ஈரத்தைக் கொண்டு பாம்பு அங்கே வந்து எத்தனை நாளாயிற்று என்றும், செதிலின் அளவைக் கொண்டு அது எந்த இனம் என்றும் கணிப்பர். அதன் பிறகே கடப்பாரை மண்ணில் இறங்கும். கணவர் ஓங்கிக் குத்தாமல் மண்ணை நெகிழ்த்துக் கொடுக்க, மனைவி அதைக் கையால் அள்ளி வெளியே போடுவார். வளை பிரியும் ஒவ்வோர் இடத்திலும் தோண்டுவதை நிறுத்தி, உள்ளே விரலோ குச்சியோ விட்டுத் திசை பார்ப்பர். பாம்பின் உடல் தெரிந்ததும் பேச்சு நின்றுவிடும். வாலைப் பிடித்து மெல்ல இழுத்து, குச்சியால் உடலைத் தாங்கி, தயாராக விரித்த பையின் வாய்க்குள் தலையை இறக்குவதற்கு ஆகும் நேரம் மிகச் சிறிது. தோண்டிய வளையை மூடிவிட்டு அடுத்த வரப்புக்குப் போவர்.

ஒவ்வொரு பாம்பும் ஒவ்வொரு வகை இடத்தை நாடும் என்பதால் தேடும் முறையும் மாறும். கண்ணாடி விரியன் கற்றாழைப் புதரிலும் கள்ளி வேலியிலும் சருகோடு சருகாகக் கிடக்கும். நெருங்கினால் நீளமாகச் சீறி எச்சரிக்கும். சுருட்டை விரியன் வறண்ட கல்லாங்குத்து நிலத்தில் கல்லடியில் ஒடுங்கியிருக்கும்; தன் உடல் மடிப்புகளை ஒன்றோடொன்று தேய்த்து அரம் உரசுவதைப் போன்ற ஒலி எழுப்பும். நாகம் எலியைத் தொடர்ந்து வயலுக்கும் வைக்கோல் போருக்கும் வரும். கட்டு விரியனையும் சேர்த்து இந்த நான்கும் இந்தியாவில் மனிதரைக் கடித்துக் கொல்வதில் முதன்மையான நான்கு இனங்கள். இவற்றுள் கட்டு விரியனே அதிகம் அஞ்சத்தக்கது என்பர். தரையில் படுத்துறங்குபவரை இரவில் கடிக்கும் அதன் கடியில் வலியோ வீக்கமோ பெரிதாகத் தெரியாது. கடிபட்டோம் என்று உணராமலே மூச்சு அடங்கிப் போனவர் பலர்.

பாம்பு இக்குடும்பங்களின் ஒரே பிழைப்பு அன்று. மழைக்காலத் தொடக்கத்தில் புற்றிலிருந்து கிளம்பும் ஈசலை விளக்கு வைத்துப் பிடித்து வறுத்து அரிசியோடு சேர்த்துத் தின்பதும், ஏரி வற்றும்போது கையால் மீன் பிடிப்பதும், தேன் எடுப்பதும், மூலிகை சேர்ப்பதும் ஆண்டுச் சுழற்சியில் இடம்பெற்றிருந்தன. ஆனால் நாள்தோறும் வயிற்றுக்குத் துணை நின்றது எலி. வரப்பெலியும் வெள்ளெலியும் கதிர்களை அறுத்து நிலத்தடி அறைகளில் சேர்த்து வைக்கும். வளையைத் தோண்டினால் கறிக்கு எலியும் உலைக்கு நெல்லும் ஒரே இடத்தில் கிடைத்தன. உழவர்கள் இதற்கெனவே இருளரை அழைத்து, நெல்லாகவோ பணமாகவோ கூலி கொடுத்தனர். புகைச்சட்டி என்பது இத்தொழிலின் கருவி: அடியில் சிறு துளையிட்ட மண்சட்டிக்குள் வைக்கோலையும் பச்சிலையையும் திணித்துக் கொளுத்தி, சட்டியின் வாயை வளையின் வாயோடு பொருத்தி, துளை வழியே வாயால் ஊதினால் புகை உள்ளே பரவி எலியை மயக்கும். இதில் ஊதுபவரின் உதடும் கண்ணும் நெஞ்சும் படும் பாடு சொல்லத்தக்கதன்று. கையால் சுழற்றும் இரும்புப் புகைப்பெட்டி வந்து இந்தத் துன்பத்தைப் பெரிதும் குறைத்தது அண்மைக் காலத்தில்தான்.

இவ்வாறு உணவையும் சிறு கூலியையும் சுற்றி நடந்துகொண்டிருந்த வாழ்க்கைக்குள் இருபதாம் நூற்றாண்டில் தோல் வாணிகம் புகுந்தது. ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் பாம்புத்தோலில் காலணியும் கைப்பையும் இடைவாரும் செய்வது நாகரிகமானபோது, அதற்கான தோலை ஏற்றி அனுப்பிய துறைகளுள் சென்னை முன்னணியில் நின்றது. சாரை, நாகம், கண்ணாடி விரியன், மலைப்பாம்பு, நீர்ப்பாம்பு என எதுவும் விலை போயிற்று. இருளர் பாம்பைப் பிடித்துத் தோலுரித்துக் கொடுக்க, ஊர் ஊராக வந்த தரகர்கள் அதற்குச் சில ரூபாயோ அதற்கும் குறைவாகவோ கொடுத்து வாங்கி, பதனிடும் ஆலைகளுக்குச் சேர்த்தனர். வெளிநாட்டுக் கடையில் அந்தத் தோல் அடைந்த விலைக்கும் ஏரிக்கரைக் குடிசைக்கு வந்து சேர்ந்த காசுக்கும் இடையிலான தொலைவைப் பற்றி அந்த வாணிகத்தில் எவரும் கவலைப்படவில்லை. ஆண்டுதோறும் லட்சக்கணக்கில் பாம்புகள் கொல்லப்பட்டதால், எலியை அடக்கி வைக்கும் காவல் வயலிலிருந்து விலகிக்கொண்டே போயிற்று என்று இயற்கை ஆய்வாளர்கள் எச்சரிக்கத் தொடங்கினர்.

1972-இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. 1976-இல் பாம்புத்தோல் ஏற்றுமதிக்குத் தடை விதிக்கப்பட்டது. தேவையான தடை அது, காலம் தாழ்ந்து வந்த தடையும்கூட. ஆயினும் தடையின் முழுச் சுமையும் யார் தலையில் இறங்கியது என்பதைச் சொல்லாமல் விட முடியாது. ஆலை உரிமையாளர் வேறு தோலுக்கு மாறினார், தரகர் வேறு சரக்குக்கு மாறினார். பாம்பை அன்றி வேறு எதையும் விலைக்குக் கொடுக்க இயலாத குடும்பங்கள் ஒரே நாளில் குற்றவாளிகள் ஆயின. நிலமில்லை, பட்டாவில்லை, பலரிடம் சாதிச் சான்றிதழும் இல்லை. அரிசி ஆலையிலும் செங்கல் சூளையிலும் மரம் வெட்டும் இடத்திலும் முன்பணம் வாங்கி, அந்தக் கடனுக்காகக் குடும்பத்தோடு அடைபட்டுக் கிடக்கும் கொத்தடிமை முறையில் இருளர் பெருந்தொகையாகச் சிக்கினர். கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் இயற்றப்பட்டதும் அதே 1976-இல்தான். ஆனால் அதற்குப் பல பத்தாண்டுகள் கழித்தும் வட மாவட்டங்களின் அரிசி ஆலைகளிலிருந்து இருளர் குடும்பங்கள் மீட்கப்பட்டு வந்தன. கொத்தடிமைக் கணக்கிலும் எண்ணப்பட்டது ஆள் அன்று, குடும்பம் என்பது வருந்தத்தக்க ஒற்றுமை.

இந்நிலையில் ஒரு மாற்று வழி பிறந்தது. நியூயார்க்கில் பிறந்து சிறுவயதிலேயே இந்தியாவுக்கு வந்துவிட்ட ரோமுலஸ் விட்டேக்கர் 1969-இல் சென்னையை அடுத்த சேலையூரில் பாம்புப் பண்ணை ஒன்றைத் தொடங்கினார். 1972-இல் அது கிண்டிக்கு மாறியது. பாம்பு தேடி இருளரோடு காடு சுற்றிய பழக்கத்தால், அவர்களுடைய அறிவின் ஆழத்தை அவர் நேரில் அறிந்திருந்தார். பாம்பைக் கொன்று தோலை விற்பதற்கு மாறாக, உயிரோடு வைத்து நஞ்சை எடுத்து விற்றுவிட்டுப் பாம்பைக் காட்டிலேயே விட்டுவிடலாம் என்ற எண்ணத்தின் மேல், 1978-இல் இருளர் பாம்பு பிடிப்போர் தொழிற்கூட்டுறவுச் சங்கம் பதிவாயிற்று. கிழக்குக் கடற்கரைச் சாலையில் வடநெம்மேலியில் உள்ள முதலைப் பண்ணை வளாகத்தில் அதன் பணியிடம் அமைந்தது. இன்று முந்நூறுக்கும் மேற்பட்டோர் அதன் உறுப்பினர்கள். அவர்களுள் பெண்களும் உள்ளனர் என்பது தொழிலின் பழைய குடும்ப அமைப்பைச் சங்கமும் ஏற்றுக்கொண்டதைக் காட்டுகிறது.

சங்கத்தின் முறை எளிமையானது. எந்த இனத்தில் எத்தனை பாம்பு பிடிக்கலாம் என்று வனத்துறை உரிமம் வழங்கும். அதற்குள் உறுப்பினர் கொண்டுவரும் ஒவ்வொரு பாம்புக்கும் விலை உண்டு. பாம்பு பாதி மணல் நிரப்பிய மண்பானைக்குள் விடப்பட்டு, பானையின் வாய் பருத்தித் துணியால் கட்டப்பட்டு, மேலே இனமும் நாளும் எழுதப்படும். மூன்று வாரம் வரை வைத்திருந்து, இடையில் சில முறை நஞ்சு எடுப்பர். குழிந்த மணல் மேடையில் பாம்பைப் பானையிலிருந்து இறக்கி, கொக்கியால் தலையை அடக்கி, கழுத்தை விரல்களுக்கிடையில் பிடித்துத் தூக்கி, மெல்லிய சவ்வு கட்டிய கண்ணாடிக் குவளையின் விளிம்பைக் கடிக்க விடுவர். பல் சவ்வைத் துளைத்ததும் நஞ்சு குவளைச் சுவரில் வழியும். நாகத்திடமும் கண்ணாடி விரியனிடமும் அது கணிசமாக வரும், சுருட்டை விரியனிடம் கண்ணுக்கு அரிதாகத் தெரியும் அளவே வரும். பிறகு அது உறைநிலையில் உலர்த்தப்பட்டுப் பொடியாக்கப்படும். கெடு முடிந்த பாம்பின் வயிற்றுச் செதிலில் சிறு அடையாள வெட்டிட்டுக் காட்டில் விடுவர். அந்த வெட்டு உள்ள பாம்பு மீண்டும் கையில் அகப்பட்டால் அதை எடுப்பதில்லை.

இந்தப் பொடியை வாங்கும் மருந்து நிறுவனங்கள், அதைச் சிறுகச் சிறுகக் குதிரையின் உடலில் செலுத்தி, குதிரையின் குருதியில் உருவாகும் எதிர்ப்புப் புரதத்தைப் பிரித்தெடுத்து விஷமுறிவு மருந்தாக்குகின்றன. அதன் தேவை எவ்வளவு என்பதற்கு ஒரு கணக்குப் போதும்: 2020-இல் வெளியான ஓர் ஆய்வு, 2000 முதல் 2019 வரை இந்தியாவில் பாம்புக்கடியால் இறந்தோர் சுமார் 12 லட்சம், அதாவது சராசரியாக ஆண்டுக்கு 58,000 பேர் என மதிப்பிட்டது. இறந்தவர்களில் பெரும்பாலோர் சிற்றூர் மக்கள். உலக சுகாதார நிறுவனம் 2017-இல் பாம்புக்கடியைப் புறக்கணிக்கப்பட்ட வெப்பமண்டல நோய்களின் பட்டியலில் சேர்த்தது. ஒரே வட்டாரத்துப் பாம்பின் நஞ்சைக் கொண்டு செய்த மருந்து வடக்கிலும் மேற்கிலும் உள்ள பாம்புகளின் கடிக்கு அதே அளவு வேலை செய்வதில்லை என்று அண்மை ஆய்வுகள் கூறுகின்றன. அது உண்மையான குறை, பிற மாநிலங்களிலும் இத்தகைய சங்கங்கள் தோன்றினால் தீரக்கூடிய குறை. இருளரின் பணியை அது சிறிதும் குறைத்துவிடாது.

தொழிலைப் போலவே வழிபாடும் குடும்பத்தைச் சுற்றியது. இருளரின் தெய்வம் கன்னியம்மா. ஏழு கன்னிமாராகவும் வணங்கப்படுபவள். மாசி மாதத்து முழுநிலாவை ஒட்டி வரும் மாசி மகத்தன்று பல மாவட்டங்களிலிருந்தும் இருளர் குடும்பங்கள் மாமல்லபுரம் கடற்கரைக்கு வந்து சேருகின்றன. கழி நட்டுப் புடைவையால் மறைத்த கூடாரங்களில் ஓரிரு இரவு தங்கி, விடியற்காலையில் ஈர மணலில் ஏழு படி அமைத்து, பூவும் பழமும் வெற்றிலையும் வளையலும் படைத்துக் கடலை நோக்கி வணங்குவர். அருள் வந்து ஆடுபவரிடம் நோயும் கடனும் குழந்தையில்லாக் குறையும் சொல்லப்படும். பிள்ளைக்கு முடி இறக்குவதும், காது குத்துவதும், பெண் பார்த்துப் பேசி முடிப்பதும், அங்கேயே தாலி கட்டுவதும் உண்டு. ஆண்டு முழுவதும் ஏரிக்கரைகளிலும் காட்டோரங்களிலும் சிதறிக் கிடக்கும் ஒரு சமூகம் தன் உறவுகளை எண்ணிப் பார்க்கும் நாள் அது. திருக்கழுக்குன்றம் பக்கத்துத் தண்டரையில் 1986-இல் தோன்றிய இருளர் பழங்குடிப் பெண்கள் நலச் சங்கம், மூலிகை அறிவையும் நாற்றுப் பண்ணையையும் முன்வைத்துப் பெண்களின் பொறுப்பில் நடைபெற்று வருவதும் இந்தப் பின்னணியிலேயே பார்க்கத்தக்கது.

2017-ஆம் ஆண்டு தொடக்கத்தில் அமெரிக்காவின் ஃபுளோரிடா மாநில வனவிலங்கு ஆணையமும் அங்குள்ள பல்கலைக்கழகமும், எவர்கிளேட்ஸ் சதுப்பு நிலத்தில் பெருகி உள்ளூர் விலங்குகளை அழித்துவந்த பர்மிய மலைப்பாம்பைக் கண்டுபிடிக்க, செங்கல்பட்டு மாவட்டம் சென்னேரியைச் சேர்ந்த மாசி சடையன், வடிவேல் கோபால் ஆகிய இருளர் இருவரை அழைத்தன. முன்பின் பார்த்திராத நிலம், பழகாத பாம்பு. இருந்தும் சுமார் ஒரு மாதத்தில் 27 மலைப்பாம்புகளை அவர்கள் கண்டெடுத்தனர். அவற்றுள் ஒன்று, கைவிடப்பட்ட பழைய ஏவுகணைத் தளத்தின் இடிபாட்டுக்குள் இருந்த 16 அடிப் பெண்பாம்பு. புல் படுத்திருக்கும் போக்கையும், எச்சத்தையும், மணலில் உடல் இழுபட்ட கோட்டையும் வாசிக்கும் அதே வரப்பு அறிவுதான் அங்கும் கைகொடுத்தது. 2023-இல் இருவருக்கும் பத்மஸ்ரீ விருது வழங்கப்பட்டது. பள்ளி வாசலை மிதிக்காத இருவர் முன்னோரிடமிருந்து காட்டில் கற்றதை நாடு கல்வியாக ஏற்றுக்கொண்ட அந்த நாள், இத்தொழிலின் வரலாற்றில் 1978-க்கு நிகரானது.

இப்போது இருளர் பிள்ளைகள் பள்ளிக்குப் போகின்றனர். போகத்தான் வேண்டும், அதற்காகப் பெற்றோர் பட்ட பாடு பெரிது. பெற்றோரோடு வரப்பில் நடக்க அவர்களுக்கு எஞ்சியிருப்பது விடுமுறை நாள்கள் மட்டுமே. நடப்பதற்கான வரப்பும் குறைந்துவருகிறது. சென்னையிலிருந்து செங்கல்பட்டு வரையிலும், கடற்கரைச் சாலை நெடுகிலும் வயல்கள் வீட்டுமனைகளாகவும் தொழிற்பேட்டைகளாகவும் மாறியுள்ளன. கற்றாழை வேலி இருந்த இடத்தில் சுற்றுச்சுவர் நிற்கிறது, குன்றுகள் சில கல்லுடைக்கும் குவாரிகளாகிவிட்டன. முன்பு குடிசையிலிருந்து நடந்தே போய் மாலைக்குள் இரண்டு மூன்று பாம்போடு திரும்பிய குடும்பங்கள், இன்று பேருந்து ஏறி அடுத்த வட்டத்துக்குப் போய்த் தேட வேண்டியிருக்கிறது. எத்தனை நாகம், எத்தனை விரியன் என்று சங்கத்துக்கு வரும் உரிமத்தில் எண்ணிக்கை தெளிவாக எழுதப்படுகிறது. அந்தப் பாம்புகள் குடியிருக்கும் புதரையும் வரப்பையும் ஏரிப் புறம்போக்கையும் காக்கும் பொறுப்பு எந்த உரிமத்திலும் எழுதப்படுவதில்லை.